ஆறு டைல்ஸ் தூரம்

ஸ்டாச்யூ ஜங்ஷனைத் தாண்டி இறக்கத்தில் நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ கூப்பிடுவதுபோல இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் இவ்வளவு தூரம் ஓடி வர மாட்டாள் என்று தெரியும். தெரிந்தும் வேகத்தைக் கூட்டினேன்.

மத்தியான வெயில். இரண்டு கண்ணிலும் சொட்டுமருந்து விட்டிருந்தார்கள். கருவிழியை விரிக்கிற மருந்து. ஐந்தாறு மணி நேரம் வெளிச்சம் கூசும், பக்கத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாது என்று சொல்லித்தான் விட்டார்கள். எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸின் கண்ணாடியும் வெட்டியது. புருவத்துக்கு மேலே கையைக் கூரைபோல வைத்துக்கொண்டு, நடைபாதையின் ஓரக்கல்லை மட்டும் பார்த்தபடி ஓவர்பிரிட்ஜ் வரை வந்துவிட்டேன்.

ஓடி வந்ததற்குக் காரணம் ஒரே ஒரு கேள்வி. இருட்டு அறையில் ஒரு இளம் டாக்டர் என் தாடையைக் கருவியில் வைக்கச் சொல்லிப் பார்த்தார். வலது கண்ணைச் சட்டென்று முடித்தார். இடது கண்ணுக்கு வந்ததும் நின்றுவிட்டார். மேலே பார், கீழே பார் என்று சொல்வதும் நின்றுபோனது. எழுந்து போய் இன்னொரு டாக்டரைக் கூட்டிவந்தார். அவரும் பார்த்தார். இருவரும் தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் பேசினார்கள். பிறகு இரண்டாமவர் என்னிடம் கேட்டார்.

"கூடெ ஆரெங்கிலும் உண்டோ?"

கூட யாராவது வந்திருக்கிறார்களா. இந்தக் கேள்வியை எப்போது கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்தபோது, கூட வேலை செய்தவனை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். அங்கேயும் இதையே கேட்டார்கள். அவனிடம் சொல்லாததை என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்கள். அவன் ஊருக்குப் போய் அந்த மழைக்காலம் முடிவதற்குள் செத்துப்போனான்.

எனக்குக் கூட யாரும் இல்லை. அதைச் சொன்னேன். "சரி, வெளியே இரிக்கூ. வலிய டாக்டர் வரட்டே" என்றார். பெரிய டாக்டர் வரும்வரை வெளியே பெஞ்சில் உட்காரவேண்டும். பத்து நிமிடம் உட்கார்ந்தேன். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு எழுந்தேன். டீக்கடையில் நிற்கவில்லை.

ஏழு மாதமாகப் பாப்பனங்கோட்டில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை. கேட், ஜன்னல் கிரில், மாடிக்கு ஷீட் கூரை. அதற்கு முன்பு ஹோட்டல், அதற்கு முன்பு கட்டட வேலை, அதற்கு முன்பு தமிழ்நாட்டில் பல ஊர்கள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கேயும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. வெல்டிங் எனக்குப் பிடித்திருந்தது. இங்கே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

கம்பிகளை முழுசாகப் பற்றவைப்பதற்கு முன்னால் அங்கங்கே பொட்டுப் பொட்டாக ஒட்டவைக்க வேண்டும். 'டாக்' அடிப்பது என்போம். ஒரு கிரில்லுக்கு நூறு, நூற்றைம்பது பொட்டு வரும். ஒவ்வொன்றுக்கும் கறுப்புக் கண்ணாடியை முகத்துக்குத் தூக்கினால் வேலை ஓடாது. அதனால் பட்டறையில் எல்லோரும் செய்கிற வேலை ஒன்று உண்டு: ஒரு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மற்றதைப் பாதி திறந்துகொண்டு அடித்துவிடுவது. இரண்டு கண்ணும் கெடுவதற்குப் பதிலாக ஒன்றுதான் கெடும் என்பது கணக்கு. நான் எப்போதும் வலது கண்ணை மூடுவேன். ராத்திரி இடது கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல எரியும். உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி அதன்மேல் வைத்துக்கொண்டு படுப்பேன். காலையில் சரியாகிவிடும். மூன்று வாரமாக அந்தக் கண்ணில் ஒரு அழுக்கு இருப்பதுபோலத் தோன்றியது. கழுவினேன், துடைத்தேன், அது போகவில்லை. அதற்காகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனது.

கிழக்கேகோட்டையைக் கடந்து சாலை பஜாருக்குள் நுழைந்தேன். அங்கே எனக்கு வேலை ஒன்றும் இல்லை. தெருவுக்கு மேலே தார்ப்பாய் கட்டியிருப்பார்கள், நிழலாக இருக்கும், அவ்வளவுதான். வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்த யூனியன்காரர்களின் நீலச் சட்டைகள் மங்கலாக அசைந்தன. மூட்டை தூக்கலாம் என்றால் அதற்கு யூனியன் அட்டை வேண்டும். வெளியாள் கை வைக்க முடியாது. கண் போனால் என்ன வேலை செய்வது என்று நான் அப்போதே எண்ணத் தொடங்கிவிட்டேன். ஒவ்வொரு வேலையாக நினைத்து, இது முடியும், இது முடியாது என்று தள்ளிக்கொண்டே நடந்தேன்.

"எடே! நீ தானே?"

மைக், ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுக்கிற கடையின் முதலாளி. போன வருடம் அவரிடம் இரண்டு வாரம் பெட்டி சுமந்திருக்கிறேன். அப்பா காலத்திலேயே திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒன்றாகத்தான் வரும்.

"எங்கேயாக்கும் போயி கெடந்தே இத்தற நாளும்? ஒரு போன் உண்டா, ஒண்ணு உண்டா?"

"பட்டறையில இருந்தேன் மொதலாளி."

"கண்ணு என்னடே இப்பிடி இருக்கு? பூனைக் கண்ணு கணக்கா?"

"தூசி விழுந்துட்டு."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அவருக்கு வேறு அவசரம். அவருடைய ஆள் அன்று வரவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு வலியசாலையில் ஒரு குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு விழா, புரொஜக்டர் வைக்கவேண்டும். அதே நேரத்தில் கரமனையில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு ஸ்பீக்கர்.

"புரொஜக்டர் வெக்கத் தெரியுமாடே?"

"தெரியும்."

தெரியாது. பெட்டியைத் தூக்கியிருக்கிறேன், வைத்ததில்லை. ஆனால் அந்த நேரத்தில் யாராவது எதையாவது செய்யச் சொன்னால் போதும் என்றிருந்தது. சும்மா இருந்தால் அந்தக் கேள்வி காதில் கேட்டது.

ஆட்டோவில் வைத்து அவரே கொண்டுபோய் விட்டார். போகிற வழியில் சொல்லிக்கொடுத்தார். "ஸ்க்ரீன் அகலம் எத்தறயோ, அதை ஒண்ணரையால பெருக்கு. அத்தற தூரத்துல மெஷினை வெய்யி. ஸூம் திருகு இறுகிக் கெடக்கு, அதுல கை வெக்காதே. கிட்டப் போனா படம் சின்னதாகும், தள்ளிப் போனா பெருசாகும். அத்தறதான். கட்டம் கட்டமா ஒரு படம் அதுக்குள்ளயே உண்டு, அதைப் போட்டுக் கோணல் பாத்துக்கோ. அஞ்சரைக்கு நான் வந்திருவேன்."

"ஸ்க்ரீன் எவ்வளவு அகலம்?"

"நூத்தியிருபது இஞ்ச்."

நூற்றிருபது இஞ்ச் என்றால் பத்தடி. பத்தடிக்கு ஒன்றரை மடங்கு பதினைந்தடி. ஏழாம் வகுப்பு வரைக்குமான கணக்கு அது, எனக்கு வரும்.

ஹால் சின்னது. இரண்டு பக்கமும் ஜன்னல், ஒரு மூலையில் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். திரைச்சீலைகள் போட்டிருந்ததால் உள்ளே வந்ததும் கண்ணுக்குச் சற்று ஆறுதல். ஸ்க்ரீனை அதன் காலில் நிறுத்தி விரித்தேன். அளக்கிற டேப்பை எடுத்தேன். அதில் இருந்த எண்கள் எனக்குத் தெரியவில்லை. மஞ்சள் பட்டையில் கறுப்பாக எறும்பு ஊர்வதுபோல இருந்தது. கையை நீட்டித் தள்ளிப் பிடித்தும் தெரியவில்லை. மருந்துதான், பக்கத்தில் தெரியாது என்று சொன்னார்களே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

யாரையாவது படிக்கச் சொல்லலாம். அங்கே ஒருவர் இருந்தார். சங்கத்தின் செக்ரட்டரி, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பக்கத்து அக்ரகாரத்துத் தமிழ்ப் பிராமணர். மேஜை விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் போடுவதில் மும்முரமாக இருந்தார். டேப் படிக்கத் தெரியாத ஆளையா அனுப்பியிருக்கிறார்கள் என்று அவர் கேட்டால் நான் என்ன சொல்வது? அப்போதுதான் தரையைப் பார்த்தேன். பெரிய பெரிய வெள்ளை டைல்ஸ். ஒன்று இரண்டடி இருக்கும். கட்டட வேலையில் நானே அந்த அளவு டைல்ஸை ஆயிரக்கணக்கில் மாடி ஏற்றியிருக்கிறேன். பதினைந்தடி என்றால் ஏழரை டைல்ஸ். கோடுகளைக் காலால் எண்ணி நடந்து, ஏழரையில் மேஜையைப் போட்டு, மெஷினை ஏற்றி, பிளக்கை மாட்டினேன்.

படம் ஸ்க்ரீனைத் தாண்டி இரண்டு பக்கச் சுவரிலும் வழிந்தது.

"ஏம்ப்பா, என்னது இது? சுவரெல்லாம் படம் வழியறது?" என்றார் செக்ரட்டரி.

"நூத்தியிருபது இஞ்ச்னு சொன்னாங்க சார். கணக்குப் போட்டுத்தான் வச்சேன்."

"அகலமா நூத்தியிருபது? டிவி வாங்கறச்சே எப்படி அளக்கறா? மூலைக்கு மூலைன்னா அளக்கறா! குறுக்கால அளந்த அளவுப்பா அது."

அவர் சொன்னது சரி. ஸ்க்ரீனின் அடிக்கம்பிக்கு நேர் கீழே தரையில் எண்ணினேன். நாலு டைல்ஸ்தான். நாலுக்கு ஒன்றரை மடங்கு ஆறு. அடியும் இஞ்சும் தேவையே இல்லை. எந்த அளவால் அகலத்தை எண்ணுகிறோமோ அதே அளவால் தூரத்தையும் எண்ணினால் போதும். மேஜையை ஆறாவது டைல்ஸின் கோட்டுக்கு இழுத்தேன். படம் ஸ்க்ரீனுக்குள் ஒழுங்காக உட்கார்ந்தது, ஓரம் ஓரத்தோடு. டேப் படிக்க முடியாத கண்ணோடு அதைச் செய்தேன் என்று ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். முதலாளி சொன்ன கட்டங்கட்டமான படத்தைப் போட்டேன். கறுப்பில் வெள்ளைக் கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக, ஒரு பெரிய ஜன்னல் கிரில் மாதிரி. கோணல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேட் செய்கிற எவனும் நேர் பார்ப்பதற்கு ஒரு கண்ணை மூடுவான். இரண்டு கண்ணாலும் பார்த்தால் எல்லாம் நேராகத்தான் தெரியும், ஒற்றைக் கண்தான் உண்மை சொல்லும் என்பது பட்டறைப் பாடம். நான் வலது கண்ணை மூடினேன். அது தானாக மூடுகிற கண்.

நடுவில் கோடுகள் வளைந்திருந்தன. துணியை நடுவில் பிடித்துக் கிள்ளியதுபோல நாலைந்து கோடுகள் ஓரிடத்தில் உள்ளே இழுபட்டிருந்தன.

ஸ்க்ரீன் சுருங்கியிருக்கிறது என்று நினைத்தேன். போய்க் கையால் தடவினேன். பலகைபோல இருந்தது. அடிக்கம்பியை இன்னும் இழுத்துக் கட்டினேன். திரும்பி வந்து வலது கண்ணை மூடிப் பார்த்தேன். வளைவு அங்கேயே இருந்தது. மெஷின் சாய்ந்திருக்கும் என்று முன்காலுக்கு அட்டை வைத்தேன். கோணல் திருத்துகிற பட்டனை அமுக்கினேன். மேலே குறுகியது, கீழே விரிந்தது, நடுவில் கிள்ளல் மட்டும் போகவில்லை. தூரம் தப்பாக இருக்குமோ என்று ஐந்து டைல்ஸுக்கு நகர்த்தினேன். ஏழுக்கு நகர்த்தினேன். ஆறு என்று கணக்கு சொல்கிறது, கண் இல்லை என்கிறது. நான் கண்ணை நம்பினேன். கணக்கு ஏழாம் வகுப்பு, கண் பிறந்ததிலிருந்து இருப்பது.

செக்ரட்டரி பின்னால் வந்து நின்றார். "என்னத்துக்குப்பா அதை இழுத்துண்டே இருக்கே? மொதல்ல நன்னாத்தானே இருந்தது?"

"கோடு வளையுது சார். நடுவுல."

"எங்கே வளையறது?"

"அங்க சார்." விரலை நீட்டினேன். நீட்டிய விரல் எங்கே போனதோ அங்கே பார்த்தேன். கிள்ளல் அங்கே இருந்தது. "இல்ல, கொஞ்சம் இடது பக்கம்" என்று சொல்லி இடது பக்கம் பார்த்தேன். கிள்ளல் இடது பக்கம் வந்துவிட்டது.

மேலே மூலையைப் பார்த்தேன். அது மேலே போனது. கீழே பார்த்தேன். கூடவே வந்தது. நான் எதைப் பார்க்கிறேனோ அதுதான் வளைந்தது. பார்க்காத இடமெல்லாம் நேராக இருந்தது.

வலது கண்ணைத் திறந்து இடது கண்ணை மூடினேன். எல்லாக் கோடும் நேர்.

"நேக்கு ஒண்ணும் வளையலையே" என்று சொல்லிக்கொண்டே செக்ரட்டரி எனக்கு முன்னால் வந்து நின்றார். நான் மறுபடி வலது கண்ணை மூடி அவரைப் பார்த்தேன். காது இருந்தது, தலைமுடி இருந்தது, சட்டைக் காலர் இருந்தது. நடுவில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கலங்கல், அதிலிருந்து குரல் மட்டும் வந்தது. "உடம்புக்கு ஏதாவது பண்றதா?"

"இல்ல சார்" என்றேன். மேஜையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த வேகத்தில் மேஜை ஆடியது, மேஜை ஆடியதில் படம் முழுவதும் ஆடியது. அவர் மெஷினைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். வெளியே போய் முதலாளிக்குப் போன் செய்தார்.

முதலாளி ஐந்தரைக்கு முன்பே வந்துவிட்டார். உள்ளே நுழைந்ததும் ஸ்க்ரீனைப் பார்த்தார். மேலே குறுகி, கீழே அகன்று, ஒரு பக்கம் சரிந்து, முறம்போல இருந்தது படம். மேஜை ஏழு டைல்ஸில் குறுக்காக நின்றது. நான் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

நேரே என்னிடம் வந்தார். முகத்தைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். கண்ணைப் பார்த்தார். பிறகு குனிந்து என் வாயருகே மூக்கைக் கொண்டுவந்தார்.

"ஊதுடே."

ஊதினேன்.

"மணம் இல்ல. பின்ன என்னத்தை அடிச்சே? கஞ்சா கிஞ்சா வல்லதும் வலிச்சியா? உள்ளதைச் சொல்லு."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சட்டைப் பையில் ஓ.பி. சீட்டுகூட இருந்தது, காட்டியிருக்கலாம். நான் நினைத்தது வேறு. குடிகாரனைத் திட்டுவார்கள், விரட்டுவார்கள். மறுநாள் குளித்துவிட்டு வந்து நின்றால் ஏதாவது ஒரு வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். நான் வேலை செய்த இடங்களில் பாதிப் பேர் அப்படிப்பட்டவர்கள்தான். கண் தெரியாதவன் என்று ஒரு முறை பெயர் விழுந்தால் அது குளித்தால் போகாது. சாலை பஜாரில் ஒரு கடையில் தெரிந்தால் பத்துக் கடையில் தெரியும்.

"காலையில கொஞ்சம்" என்றேன்.

"கொஞ்சமா? நேரே நிக்க முடியல்ல, கொஞ்சமாம்! நாணம் உண்டாடே உனக்கு? இந்த சாமி முன்னால நான் இப்பம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன்?"

திட்டிக்கொண்டே மேஜையை நேராக்கினார். அட்டையை உருவி எறிந்தார். பட்டனை அமுக்கிக் கோணலை எடுத்தார். படம் மட்டும் இன்னும் சுவரில் வழிந்துகொண்டிருந்தது.

"ஆறு டைல்ஸ் மொதலாளி" என்றேன் உட்கார்ந்த இடத்திலிருந்தே. "நாலுக்கு ஆறு."

அவர் ஆறாவது கோட்டுக்கு இழுத்தார். படம் கச்சிதமாக உட்கார்ந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சரக்கு உள்ள போயும் கணக்கு தப்பல்ல, கேட்டோ சாமீ" என்றார் செக்ரட்டரியிடம். செக்ரட்டரி சிரிக்கவில்லை. நான் குடித்திருக்கவில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

விழா தொடங்கியது. பெண் குழந்தைகள் ஆடினார்கள். பிறகு செக்ரட்டரி பச்சைக் குப்பை, நீலக் குப்பை என்று எதை எந்த வாளியில் போடவேண்டும் என்பதற்குப் படம் காட்டினார். வயர் யார் காலிலும் தட்டாமல் பார்த்துக்கொள் என்று முதலாளி என்னைக் கடைசி வரிசைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார். அங்கே நின்று நான் என் வேலையைப் பார்த்தேன். வலது கண்ணை மூடுவேன். வாளிக்கு நடுவில் ஓட்டை. இடது கண்ணை மூடுவேன்; வாளி முழுசாக இருக்கும். மருந்தின் வேலையாக இருக்கும், மருந்து இறங்கியதும் இதுவும் இறங்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டு கண்ணிலும் ஒரே மருந்தைத்தானே விட்டார்கள் என்பது நினைவுக்கு வரும். அதை நினைக்காமல் இருப்பதற்காக மறுபடி கண்ணை மாற்றி மூடுவேன்.

ஏழரை மணி வாக்கில் கையிலிருந்த டேப்பின் எண்கள் தெரியத் தொடங்கின. முதலில் பெரிய எண்கள், பிறகு நடுவில் இருக்கும் சின்னக் கோடுகள். மருந்து இறங்கிவிட்டது. வலது கண்ணை மூடிக்கொண்டு டேப்பைப் பார்த்தேன். ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

எல்லாம் முடிந்து, மெஷினின் விசிறி ஓடி ஓடி ஆறும்வரை காத்திருந்து, பெட்டியில் வைத்து ஆட்டோவில் ஏற்றினேன். அன்றைய கூலியை முதலாளி கையில் கொடுத்தார்.

"போயி கெடந்து ஒறங்கு. நாளைக்கு இங்கோட்டு வரவேண்டா. குடியை நிறுத்திட்டு வா, பாப்போம்."

"சரி மொதலாளி" என்றேன்.

பட்டறைக்குத் திரும்பாமல் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். தைரியம் வந்தது என்று சொல்லமாட்டேன். முந்தின நாள், அவர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்து ஓடினேன். இப்போது அவர்கள் சொல்லப்போவதில் பாதி எனக்கே தெரியும். தெரியாதது மற்ற பாதி: வலது கண். அது இருக்குமா, அதுவும் போகுமா. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வேலைக்கும் போய் நிற்க முடியாது.

அதே நர்ஸ் இருந்தாள். "சாயா குடிச்சு முடிஞ்ஞோ?" என்று கேட்டாள். வரிசையில் எனக்கு முன்னால் முப்பது பேர் இருந்தும் என்னை முதலிலேயே உள்ளே அனுப்பினாள்.

பெரிய டாக்டர் ஒரு அம்மா. என் சீட்டைப் பார்த்துவிட்டு மறுபடி மருந்து விடாமலேயே பேசத் தொடங்கினார். என் தமிழைக் கேட்டு அவரும் தமிழுக்கு வந்தார். "வெல்டிங் தானே ஜோலி? கண்ணாடி போடமாட்டே. எனக்குத் தெரியும். இடது கண்ணு உள்ளே நடு பாகம் எரிஞ்சு போச்சு. தழும்பு. அது இனி சரியாகாது. சைடுல தெரியும், நேரே பாத்தா தெரியாது. மனசிலாயோ?"

"மனசிலாயி. வலது கண்ணு?"

"அதுக்கு இப்போ குழப்பம் ஒண்ணுமில்லை."

அவர் அதையே இன்னொரு முறை சொன்னார். "வலது நல்லா இருக்கு. வெல்டிங் இனி வேண்டா. ஒரு நாள்கூட வேண்டா. மூணு மாசம் கழிச்சு வந்து காட்டணும். கூடெ ஆரும் இல்லையா?"

"இல்ல."

"அப்போ நீயே கேட்டுக்கோ. அதான் சொல்றேன்."

வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பட்டறைக்குப் போன் செய்து இனி வரமாட்டேன் என்று சொன்னேன். அவர்கள் ஏன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் அங்கே இன்னொருவன் வலது கண்ணையோ இடது கண்ணையோ மூடிக்கொண்டு டாக் அடித்துக்கொண்டிருந்திருப்பான். அவனிடமாவது சொல்லியிருக்க வேண்டும். அன்று எனக்கு அது தோன்றவில்லை.

பிறகு நடந்தேன். தம்பானூருக்குப் பின்னால் ஒரு ஹோட்டல், வாசலில் ஆள் தேவை என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நின்ற மாஸ்டர் நாகர்கோவில்காரர் என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்தது.

"என்னடே, வேலைக்கா? மாவு பெசஞ்சிருக்கியா?"

"ரெண்டு மாசம் பெசஞ்சிருக்கேன் அண்ணாச்சி. கோட்டயத்துல."

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லல்லா? நடுவுல பாயைச் சுருட்டிட்டுப் போற கேஸுன்னா இப்பமே சொல்லிரு."

எப்போதும்போல இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். "இடது கண்ணு நடுவுல தெரியாது அண்ணாச்சி" என்றேன். "வலது கண்ணு நல்லாத் தெரியும். இன்னைக்குக் காலையிலதான் சொன்னாங்க."

அவர் கல்லில் கிடந்த பரோட்டாவைத் திருப்பிப் போட்டார். நான் வாசலைப் பார்த்தேன்.

"இந்தக் கல்லுல கைய வைக்க உன்னை விடமாட்டேன்" என்றார். "தூரம் தெரியாம சுட்டுக்கிடுவ. மாவுக்குக் கண்ணு எதுக்குடே? கையக் காட்டு."

இரண்டு கையையும் நீட்டினேன். புரட்டிப் பார்த்தார். நகம் வளர்ந்திருக்கிறது, வெட்டிக்கொண்டு வா என்றார். நகம் வெட்டி, சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிவிட்டு வந்தபோது அரை மூட்டை மைதா அலுமினியத் தொட்டியில் கொட்டிக் கிடந்தது. நடுவில் குழி பறித்து, தண்ணீரை ஊற்றி, இரண்டு கையையும் உள்ளே விட்டேன்.